காப்ரா அங்கீகாரம்: இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால்

அமெரிக்க நகராட்சி ஒன்றின் பூங்கா, பொழுதுபோக்குத் துறையில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலவரைபடப் பிரிவிலோ கணக்குப் பிரிவிலோ சேர்ந்திருப்பீர்கள். ஒரு நாள் இயக்குநர் அழைத்து, "காப்ராவுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், நீங்கள்தான் பொறுப்பு" என்கிறார். கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவர் என்ற நல்ல பெயருக்குக் கிடைக்கும் தண்டனை இது. அதை முழுவதுமாக அனுபவித்து முடித்தவன் என்ற தகுதியில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நகரப் பூங்கா ஆலோசனைக் குழுவில் தன்னார்வ உறுப்பினராக இருப்பவர்களுக்கும் இது உதவும். உங்கள் மேசைக்கு வரும் தீர்மானங்களில் பாதி ஏன் வருகின்றன என்பது புரியும்.

காப்ரா என்பது பூங்கா, பொழுதுபோக்கு அமைப்புகளுக்கான அங்கீகார ஆணையம். வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னில் இருக்கும் தேசியப் பொழுதுபோக்கு, பூங்காச் சங்கம் இதை நடத்துகிறது. அந்தச் சங்கத்தை எல்லோரும் என்.ஆர்.பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். தரநிலைகள் 10 அத்தியாயங்களாக உள்ளன: துறையின் அதிகாரம், திட்டமிடல், நிர்வாகம், மனிதவளம், நிதி, நிகழ்ச்சிகள், இடங்களும் நிலமும், பொதுமக்கள் பாதுகாப்பு, இடர் மேலாண்மை, மதிப்பீடு. 2019 பதிப்பில் மொத்தம் 154 தரநிலைகள். அவற்றில் 36 அடிப்படைத் தரநிலைகள். அதில் ஒன்று தவறினாலும் அங்கீகாரம் இல்லை. மீதி 118-இல் முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் 90 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். பதிப்புகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு எது செல்லும் என்பதை முதல் வேலையாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாத் தரநிலைகளுக்கும் அடியில் இருக்கும் கேள்விகள் நான்குதான். நீங்கள் செய்யும் வேலைக்கு எழுதப்பட்ட விதி உண்டா? அதிகாரம் உள்ளவர் அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறாரா? எந்தத் தேதியில்? அதன்படி நடந்ததற்குச் சான்று எங்கே? முப்பது ஆண்டுகளாகப் புல்வெளியைப் பொன்போலக் காத்துவரும் மேற்பார்வையாளரிடம் போய் இதைக் கேட்டால் அவர் முகம் சுளிப்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1. எந்தச் சான்றிதழ் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்

நகர மன்ற உறுப்பினர்களும் சில நேரம் இயக்குநர்களும்கூட மூன்றைப் போட்டுக் குழப்புவார்கள். காப்ரா துறைக்குக் கிடைப்பது. சி.பி.ஆர்.பி. என்பது பூங்கா, பொழுதுபோக்கு வல்லுநர் சான்றிதழ்; தனிமனிதர் தேர்வு எழுதி வாங்குவது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கோவாப்ரட் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளுக்கானது. இவை போதாதென்று என்.ஆர்.பி.ஏ. தங்கப் பதக்கம் என்று ஒரு விருதும் உண்டு; அது போட்டி, அங்கீகாரம் அன்று. மன்றத்துக்கு அனுப்பும் முதல் குறிப்பிலேயே இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பணம் ஒதுக்கும் கூட்டத்தில், "இதைத்தான் போன வருடமே வாங்கிவிட்டோமே" என்று யாராவது கேட்பார்கள்.

2. விண்ணப்பிக்கும் முன் இருப்பைக் கணக்கெடுங்கள்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கெடு ஓடத் தொடங்கிவிடும். எனவே விண்ணப்பத்துக்கு முன்பே 154 தரநிலைகளையும் ஒரு விரிதாளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள் வையுங்கள்: ஆவணம் இருக்கிறதா, ஒப்புதல் இருக்கிறதா, கடைசியாகத் திருத்திய தேதி என்ன, நடைமுறைச் சான்று இருக்கிறதா. "இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு மட்டும் டிக் செய்யுங்கள். துறைகளில் "அது எங்கோ இருக்கிறது" என்ற நிலையில் வாழும் ஆவணங்கள் ஏராளம். தேடி எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் "வரைவு" என்று இருக்கும், கையெழுத்து இருக்காது.

36 அடிப்படைத் தரநிலைகளைத் தனி நிறத்தில் காட்டுங்கள். அவற்றில் பத்துக்கு மேல் காலியாக இருந்தால் அந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் துணிந்து சொல்லலாம். நடுத்தர நகரம் ஒன்றுக்குத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே ஆண்டில் முடித்துவிடலாம் என்று சொல்பவரிடம் மாஸ்டர் பிளான், அதாவது நகரப் பூங்காக்களுக்கான நீண்டகாலத் திட்டம், எங்கே என்று கேளுங்கள்.

3. பணத்தை முந்தைய நிதியாண்டிலேயே கேளுங்கள்

செலவுகளில் வெளியே தெரிபவை சிறியவை, தெரியாதவைதான் பெரியவை. விண்ணப்பக் கட்டணம் உண்டு. அங்கீகாரம் நீடிக்கும் காலம் முழுவதும் ஆண்டுக் கட்டணம் உண்டு. அது உங்கள் துறையின் செயல்பாட்டு நிதியின் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். நடப்புக் கட்டணப் பட்டியலை நேரடியாகச் சங்கத்திடம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆய்வுக்கு வரும் பார்வையாளர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள், பிற நகரங்களின் பூங்காத் துறைகளில் வேலை பார்ப்பவர்கள். ஆனால் அவர்களின் விமானக் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாம் உங்கள் செலவு. அதன்பின் என்.ஆர்.பி.ஏ. மாநாட்டில் ஆணையம் நடத்தும் விசாரணைக்கு உங்கள் ஆட்கள் போய்வரும் செலவு.

பெரிய செலவு மாஸ்டர் பிளான். ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்தால் ஆறு இலக்க டாலர் ஆவது சாதாரணம். இதை "அங்கீகாரச் செலவு" என்று எழுதினால் நகர மன்றம் அதிர்ந்துபோகும். உண்மையில் அங்கீகாரம் வேண்டாம் என்றாலும் நகரத்துக்கு அந்தத் திட்டம் தேவைதான். ஆகவே தனித் தலைப்பில் கேளுங்கள்.

பல நகரங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும், சில இடங்களில் அக்டோபர் 1. ஜூலையில் செலவழிக்க வேண்டிய பணத்துக்கான கோரிக்கையைக் குளிர்காலத்திலேயே நிதித்துறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த வாசல் மூடிவிட்டால் நடுவில் திருத்தம் கேட்டு அலைவது வீண் மனக்கசப்பு.

4. அத்தியாய வரிசையை மறந்துவிடுங்கள். மெதுவாக நகர்பவற்றை முதலில் தள்ளுங்கள்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதல் அத்தியாயத்தில் தொடங்கிப் பத்தாவதில் முடிப்பார்கள். இந்த வரிசை ஆளைக் கவிழ்த்துவிடும். எழுதுவதற்கு ஒரு மதியம் போதும், ஒப்புதலுக்கு நான்கு மாதம் ஆகும் என்ற வகை ஆவணங்கள் இங்கே அதிகம். எது அதிக நாள் காத்திருக்குமோ அதுதான் முதல்.

மாஸ்டர் பிளான் தலையாயது. ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் முன்மொழிவுக் கோரிக்கை, ஒப்பந்தம், பொதுமக்கள் கருத்துக் கூட்டங்கள், கருத்துக்கணிப்பு, வரைவு, ஆலோசனைக் குழு, கடைசியில் நகர மன்றத் தீர்மானம் என்று ஓராண்டுக்கு மேல் இழுக்கும். திட்டம் அச்சாகி அழகாக மேசையில் இருப்பதால் பயனில்லை. மன்றம் அதை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் தீர்மான எண்ணும் வேண்டும். கூட்டம் முடிந்த வாரமே நகர எழுத்தர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கிவிடுங்கள். ஆண்டுகள் கழித்துத் தேடினால் அவர்களும் தேடுவார்கள், நீங்களும் தேடுவீர்கள்.

செயல்திட்டம் அடுத்தது. மாஸ்டர் பிளான் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். செயல்திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் யார், எப்போது, எவ்வளவு செலவில் செய்வார் என்று சொல்ல வேண்டும். பல துறைகளில் இது பளபளப்பான நான்கு பக்கத் துண்டறிக்கையாக இருக்கும். குறிக்கோள், அளவுகோல், பொறுப்பாளர், முன்னேற்றப் பதிவு இவை இல்லாவிட்டால் பார்வையாளர்கள் கடந்துபோக மாட்டார்கள்.

இன்னொரு வகை, காலம் வந்தால்தான் கிடைக்கும் சான்றுகள். கோடைகால முகாமின் மதிப்பீட்டுப் படிவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். நீச்சல்குள உயிர்காப்பாளர் பயிற்சிப் பதிவு, தன்னார்வலர் பயிற்சி, வெளித் தணிக்கையாளரின் ஆண்டறிக்கை எல்லாம் இதே கதைதான்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள். என்.ஆர்.பி.ஏ. மாநாடு செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். 2024-இல் அட்லாண்டாவில் அக்டோபர், 2025-இல் ஆர்லாண்டோவில் செப்டம்பர். முடிவு அங்கே அறிவிக்கப்படும் என்றால், பார்வையாளர் ஆய்வு அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிய வேண்டும். எல்லாத் தரநிலைகளுக்கும் உங்கள் விளக்கமும் சான்றும் அடங்கிய தன்மதிப்பீட்டு அறிக்கை அதற்கும் பல வாரங்கள் முன்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஒத்திகை குளிர்காலத்தில். அப்படியானால் நீங்கள் காட்டப்போகும் கோடைகாலச் சான்று முந்தைய ஆண்டுக் கோடையுடையது. தாளில் போட்டுப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

5. சான்றை எப்படி எழுதுவது

ஒவ்வொரு தரநிலைக்கும் ஒரு சிறு விளக்கமும் இணைப்புகளும் தர வேண்டும். விளக்கம் நீண்டால் சான்று பலவீனம் என்று அர்த்தம். ஆறேழு வாக்கியங்கள் போதும்.

விளையாட்டுத் திடல் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் விளையாட்டு உபகரணங்கள் அனைத்தும் முறையாகவும் தொடர்ச்சியாகவும் பராமரிக்கப்படுகின்றன" என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "துறையில் சான்றிதழ் பெற்ற திடல் பரிசோதகர்கள் இருவர் உள்ளனர். ஒவ்வொரு திடலும் மாதம் ஒருமுறை பரிசோதிக்கப்படுகிறது. இணைப்பு 1: பராமரிப்புக் கையேடு, பக்கம் 41. இணைப்பு 2: இருவரின் சான்றிதழ்கள். இணைப்பு 3: மார்ச் மாதப் படிவம், ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருந்ததாகக் குறிப்பு. இணைப்பு 4: அதற்கான பழுதுநீக்கப் பணி ஆணை, கொக்கி மாற்றிய நாள்." படிப்பவருக்குக் கேள்வியே எழாது.

பழுது ஒன்றைக் காட்டுவதற்குப் பலர் பயப்படுகிறார்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே பேனாவில், எல்லாக் கட்டத்திலும் "சரி" என்று டிக் அடித்த படிவத்தைப் பார்த்தால் அனுபவசாலிக்கு உடனே சந்தேகம் வரும். குறை கண்டுபிடித்து, பணி ஆணை போட்டு, சரிசெய்ததைக் காட்டும் ஒரு படிவம் அந்தப் பன்னிரண்டைவிட மேல்.

கவனிக்க வேண்டிய வேறு சில பொறிகள்:

முந்நூறு பக்க நகரக் கையேட்டை அப்படியே இணைத்துவிட்டு "பார்க்கவும்" என்று எழுதுவது. பக்க எண் தாருங்கள், உரிய வரிகளை மஞ்சளில் காட்டுங்கள், இணைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கமே திறக்க வேண்டும்.

எல்லாக் கொள்கைகளிலும் ஒரே மாதத் தேதி. அங்கீகாரத்துக்காகவே உட்கார்ந்து எழுதியது என்று அது தானாகச் சொல்லிவிடும். புதிய கொள்கை என்றால் குறைந்தது ஒரு பருவமாவது நடைமுறையில் இருந்த சான்று சேரட்டும்.

காலாவதியான சான்றிதழ்கள். திடல் பரிசோதகர் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஆய்வு நடக்கும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும் என்பதைப் பட்டியலில் குறித்துவையுங்கள்.

தனிமனிதர் விவரம் வெளியே போவது. ஊழியர் பின்னணிச் சோதனையைக் காட்டச் சொன்னால் பெயரையும் எண்களையும் கறுப்பிட்டு மறைத்த மாதிரிப் படிவம் போதும். பல மாநிலங்களில் நீங்கள் தயாரிக்கும் இந்தத் தொகுப்பே பொது ஆவணச் சட்டத்தின்கீழ் கேட்டால் கொடுக்க வேண்டியதாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. துறைக்கு வெளியே இருக்கும் ஆவணங்கள்

எனக்கு அதிகம் எரிச்சல் தந்த பகுதி இது. மனிதவளம், நிதி, கொள்முதல், சட்டம், காவல் ஆகியவற்றின் ஆவணங்கள் உங்கள் கையில் இல்லை. அந்தத் துறைகளுக்கு உங்கள் கெடுவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "அனுப்புகிறோம்" என்ற ஒரு வரிப் பதிலோடு வாரங்கள் ஓடும்.

நகர மேலாளரிடமிருந்து எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். இந்த முயற்சி நகரத்துடையது, ஒவ்வொரு துறையும் தொடர்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அந்தக் கடிதம் ஒன்று போதும், உங்கள் மின்னஞ்சல்களுக்கு மரியாதை கூடிவிடும்.

நகரம் முழுவதற்குமான கொள்கையைப் பூங்காத் துறையும் பின்பற்றுகிறது என்றால் அதையே சான்றாகத் தரலாம். ஆனால் பருவகால ஊழியர், பதின்வயது உயிர்காப்பாளர், தன்னார்வலர் ஆகியோருக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பல நகரக் கையேடுகள் நிரந்தர ஊழியரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த இடைவெளியைத் துறை அளவிலான ஒரு துணைக் கொள்கையால் நிரப்ப வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அடுத்த முக்கியமான இடம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நகர அரசு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்து, புகார் நடைமுறை வகுத்து, கட்டடத் தடைகளை நீக்கும் மாற்றத் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்டம் பெரும்பாலும் பொறியியல் துறையின் அலமாரியில் இருக்கும்; நடைபாதைகளைப் பற்றி நிறைய இருக்கும், பூங்காக்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. இதை முன்கூட்டியே பாருங்கள், ஏனென்றால் பூங்காக்களை அளந்து கணக்கெடுப்பது தனி வேலை.

காவல்துறையுடன் புரிந்துணர்வை எழுத்தில் வாங்குங்கள். பூங்கா மூடும் நேரத்தை யார் அமல்படுத்துவார், எந்தச் சட்டப்பிரிவின்படி, விபத்து நடந்தால் யாருக்கு முதல் அழைப்பு போகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தாளில்தான் இருக்காது.

7. ஒத்திகை

ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பக்கத்து நகரத்தை அழைத்துப் போலி ஆய்வு ஒன்று நடத்துங்கள். நாடு முழுவதும் அங்கீகாரம் பெற்ற துறைகள் சுமார் 200-தான் என்பதால் பக்கத்தில் இல்லாமலும் போகலாம். அப்போது இணையவழியில் கேளுங்கள். இந்தத் துறையில் உதவி கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அவர்களின் தன்மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கக் கேளுங்கள், வரிகளைச் சுடாதீர்கள். வேறு நகரத்தின் பெயர் உங்கள் கொள்கையின் நடுவில் எட்டிப்பார்த்தால் அதைவிட அவமானம் இல்லை.

8. பார்வையாளர்கள் வரும் நாட்கள்

வழக்கமாக மூவர் வருவார்கள், ஒருவர் தலைவர். ஆவணங்களை முன்பே படித்துவிட்டுத்தான் வருவார்கள். நேரில் அவர்கள் தேடுவது, தாளும் தரையும் ஒத்துப்போகின்றனவா என்பதை.

ஊஞ்சலுக்குக் கீழே கொட்டிய மரச்சீவல் அழுந்திய பிறகும் 9 அங்குல ஆழம் குறையக்கூடாது என்பது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டு விதி. உங்கள் பராமரிப்பு ஆவணத்திலும் அதையே எழுதியிருப்பீர்கள். ஆனால் பிள்ளைகளின் கால்கள் உரசும் இடத்தில், ஊஞ்சலுக்கு நேர் கீழே, குழி விழுந்து மண் தெரியும். திடலின் ஓரத்தில் அளந்தால் 12 அங்குலம் இருக்கும், அந்தக் குழியில் நான்குகூட இருக்காது. அனுபவமுள்ளவர் நேராக அங்கேதான் காலை வைத்துப் பார்ப்பார். ஆய்வுக்கு முந்தைய நாள் மண்வாரியோடு ஆட்களை அனுப்புவது எளிது. வாரம்தோறும் வாரிச் சமன்படுத்தும் பதிவேடு இருந்தால் அந்தப் பதற்றம் தேவைப்படாது.

வரவேற்பு மேசையில் இருப்பவர், நீச்சல்குள உயிர்காப்பாளர், முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரி மாணவர் ஆகியோரிடமும் பேசுவார்கள். "தீ அபாய ஒலி கேட்டால் எங்கே கூடுவீர்கள்?" என்ற மாதிரியான கேள்விகள். பதிலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். அவசரகாலத் திட்டத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தைச் சுவரில் ஒட்டி, இரண்டு முறை பயிற்சி நடத்துங்கள். முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பு, இதயமீட்புக் கருவியின் பேட்டரித் தேதி இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இயக்குநர் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்ல முந்தினால் மெதுவாகத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சுலபமான வேலை இல்லை.

9. விசாரணை

பார்வையாளர் அறிக்கையில் "நிறைவேறவில்லை" என்று குறித்தவற்றுக்குப் பதிலும் கூடுதல் சான்றும் தயார் செய்துகொண்டு போங்கள். மாநாட்டில் ஆணையத்தின் முன் உட்கார்ந்து சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முந்தைய கட்டங்களைச் சரியாகச் செய்திருந்தால் இது குறுகிய உரையாடல்தான். விடுதி அறைகளை முன்பே பதிவுசெய்யுங்கள். மாநாட்டு வாரத்தில் வாடகை ஏறிவிடும்.

10. கிடைத்த பிறகு

அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்கு. இடையில் ஆண்டறிக்கையும் ஆண்டுக் கட்டணமும் உண்டு. மறு அங்கீகாரத்துக்கு அடிப்படை அல்லாதவற்றில் 95 விழுக்காடு வேண்டும், அதாவது கோடு மேலே ஏறிவிடுகிறது, பதிப்பும் மாறியிருக்கலாம். எனவே ஒவ்வொரு ஆவணத்துக்கும் மறுபார்வைத் தேதியை நாட்காட்டியில் இப்போதே போட்டுவிடுங்கள். கோடை முடிந்ததும் கோடைச் சான்று, தணிக்கை வந்ததும் தணிக்கை என்று அந்தந்த வாரமே கோப்பில் சேர்ந்துவிட வேண்டும்.

கோப்புகள் எதையும் உங்கள் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். துறையின் பொது இயக்ககத்தில், அத்தியாய எண்ணோடு பெயரிட்ட அடைவுகளில் இருக்கட்டும். கடவுச்சொல் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஐந்தாவது ஆண்டில் நீங்கள் வேறு துறைக்கு மாறியிருப்பீர்கள். கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவர் என்று பெயர் வாங்கிய வேறொருவரை இயக்குநர் அதற்குள் கண்டுபிடித்திருப்பார்.